யானைக்கும் தாத்தாவுக்கும் வழி காட்டும் மூளை

2023-ம் ஆண்டு மார்ச் மாதம். தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரு விவசாய நிலம். பொழுது விடிந்தபோது அங்கே மூன்று யானைகள் செத்துக் கிடந்தன.

காட்டுப் பன்றிகள் பயிரை அழிக்காமல் இருக்க, நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி இருந்தார்கள். அந்தக் கம்பியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சி இருந்தார்கள். இருட்டில் வந்த யானைகள் அதில் பட்டன. பட்ட இடத்திலேயே விழுந்தன.

கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் உயிர் தப்பின. பெரிய யானைகள் எழுந்திருக்கவில்லை என்பது குட்டிகளுக்குப் புரியவில்லை. உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரரைப் போலீசார் கைது செய்தார்கள்.

"இவ்வளவு பெரிய காடு இருக்கிறது. யானை ஊருக்குள் ஏன் வரவேண்டும்? அதற்குக் கொழுப்பு!" என்று சிலர் பேசுவது உண்டு.

இன்னொரு காட்சியைப் பாருங்கள். இது எந்த ஊரிலும் நடப்பது.

ஒரு வீட்டில் எழுபது வயதுத் தாத்தா. காலையில் கடைத்தெருவுக்குப் போனார். மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. சாயங்காலம் பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இருந்தார். "வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை" என்றார். நாற்பது வருஷமாக அவர் நடந்த தெருதான் அது!

வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஏச்சு ஆரம்பம் ஆகிறது. "வேண்டும் என்றே செய்கிறார். நம்மை அலைக்கழிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்!"

யானையின் மீதும் கோபம். தாத்தாவின் மீதும் கோபம். ஆனால் இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை. யானை தன் வழியை மறக்கவில்லை. தாத்தா தன் வழியை மறந்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டுக்கும் காரணம், தலைக்குள் இருக்கும் ஒரு சின்ன உறுப்பு.

அதைப் பற்றித் தெரிந்து கொண்டால் இந்தக் கோபம் குறையும். சில உயிர்களும் பிழைக்கும்.

மூளைக்குள் கடல் குதிரை

மனிதனுடைய மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. யானையின் மூளை 5 கிலோ வரை இருக்கும்.

மூளை முழுவதும் ஒரே வேலையைச் செய்வது இல்லை. பார்ப்பதற்கு ஒரு இடம். பேசுவதற்கு ஒரு இடம். கை கால் அசைப்பதற்கு ஒரு இடம். இப்படி வேலைகள் பிரிக்கப்பட்டு இருக்கின்றன.

ஞாபகத்துக்கும், வழி அறிவதற்கும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. காதுக்கு நேராக, உள்ளே ஆழத்தில் அது இருக்கிறது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் நம் சுண்டு விரலை விடச் சிறியது.

அதன் பெயர் ஹிப்போகாம்பஸ். கிரேக்க மொழியில் "கடல் குதிரை" என்று பொருள். கடலில் வளைந்த வாலோடு நிமிர்ந்து நீந்தும் சிறிய மீன் ஒன்று உண்டு அல்லவா? இந்த உறுப்பும் அதைப் போல வளைந்து இருக்கும். 1587-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு டாக்டர் அரான்சி இந்தப் பெயரை வைத்தார்.

பெயர் வைத்தாரே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதன் பிறகு 350 ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு மனிதருக்கு நேர்ந்த துன்பத்தால்தான் அந்த ரகசியம் வெளியே வந்தது.

நேற்று என்பதே இல்லாத மனிதர்

அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கடுமையான காக்கை வலிப்பு. மருந்துகளால் பயன் இல்லை. 1953-ம் ஆண்டில் டாக்டர் ஸ்கோவில் அவருக்கு ஆபரேஷன் செய்தார். இரண்டு பக்கத்துக் கடல் குதிரையிலும் பெரும் பகுதியையும், பக்கத்தில் இருந்த சில பகுதிகளையும் எடுத்துவிட்டார். அப்போது ஹென்றிக்கு வயது 27.

வலிப்பு குறைந்தது. ஆனால் வேறு ஒன்று போய்விட்டது.

அன்று முதல் அவருக்குப் புதிய ஞாபகம் எதுவுமே நிற்கவில்லை. காலையில் பார்த்த டாக்டரை மத்தியானம் பார்த்தால், "தாங்கள் யார்?" என்பார். சாப்பிட்டதை மறந்துவிடுவார். படித்த பத்திரிகையையே புதிது போல மறுபடியும் படிப்பார்.

சின்ன வயதில் நடந்தது ஞாபகம் இருந்தது. பேச்சு நன்றாக இருந்தது. அறிவும் குறையவில்லை. புதியது மட்டும் ஏறவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் அவரைப் பல ஆண்டுகள் பரிசோதித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரப் படம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் ஹென்றியின் கை நன்றாகப் பழகியது. ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை" என்று நினைத்தார்!

இதில் இருந்து ஒரு பெரிய உண்மை தெரிந்தது. கை பழகும் தொழிலுக்கு மூளையில் வேறு இடம் இருக்கிறது. "இன்று இங்கே இது நடந்தது" என்று பதிவு செய்வதற்குக் கடல் குதிரை வேண்டும். ஹென்றி 2008-ம் ஆண்டில், 82-வது வயதில் இறந்தார். மனித மூளையைப் பற்றி உலகுக்கு அவ்வளவு சொல்லிக் கொடுத்தவர், தான் சொல்லிக் கொடுத்ததை ஒரு நாளும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

எலி சொன்ன சேதி

ஞாபகம் சரி. வழி அறிவது எப்படி?

1971-ம் ஆண்டில் லண்டனில் ஜான் ஓ'கீஃப் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். எலியின் கடல் குதிரைக்குள் முடி போன்ற மெல்லிய கம்பிகளைச் செலுத்தினார். ஒவ்வொரு நரம்புச் செல்லும் எப்போது துடிக்கிறது என்று அந்தக் கம்பி மூலம் தெரிந்து கொள்ளலாம்.

எலி தரையில் ஓடியது. ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனபோது ஒரு செல் துடித்தது. அந்த மூலையை விட்டு நகர்ந்ததும் அடங்கிவிட்டது. நடு இடத்துக்கு வந்தபோது வேறு ஒரு செல் துடித்தது.

"நீ இப்போது இங்கே இருக்கிறாய்" என்று ஒவ்வொரு இடத்துக்கும் சில செல்கள் குரல் கொடுக்கின்றன! அவற்றுக்கு "இடச் செல்கள்" என்று பெயர்.

ராத்திரி கரண்ட் போய்விடுகிறது. கும்மிருட்டு. ஆனாலும் நீங்கள் எழுந்து, கட்டிலைச் சுற்றி, கதவைத் தாண்டி, தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்துக்குச் சரியாகப் போய்விடுகிறீர்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உங்கள் தலைக்குள் வீட்டின் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் நீங்கள் நிற்கும் இடத்தை அந்தச் செல்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

தலைக்குள் புள்ளிக் கோலம்

இடம் தெரிந்தால் போதாது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதும் தெரிய வேண்டும்.

2005-ம் ஆண்டில் நார்வே நாட்டில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் அதையும் கண்டுபிடித்தார்கள். அப்போது இந்த இருவரும் கணவன் மனைவி. கடல் குதிரைக்குப் பக்கத்திலேயே, அதற்கு வாசல் போல ஒரு பகுதி இருக்கிறது. அங்கே உள்ள ஒரு செல், ஒரே இடத்தில் துடித்து நிற்கவில்லை. எலி நடக்க நடக்க, ஒரே அளவு இடைவெளி விட்டுப் பல இடங்களில் துடித்தது.

அந்த இடங்களை எல்லாம் காகிதத்தில் புள்ளியாகக் குறித்தார்கள். ஆச்சரியம்! நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போடும் ஊடுபுள்ளிக் கோலம் போல இருந்தது. இரண்டு புள்ளிக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி வரும் அல்லவா? அதே மாதிரி!

அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மூளை தூரத்தை அளக்கிறது. தலை எந்தத் திசையில் திரும்பி இருக்கிறது என்று சொல்லவும் தனிச் செல்கள் இருக்கின்றன.

ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இதோடு இன்னொரு சேதி. எலி தூங்கும்போதும் அந்தச் செல்கள் சும்மா இருப்பது இல்லை. பகலில் நடந்த பாதையைத் தூக்கத்தில் மறுபடியும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கின்றன. 1994-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியக் கண் விழிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். படித்தது மனதில் நிற்பதற்குத் தூக்கமும் வேண்டும்.

டாக்சி டிரைவரும் பஸ் டிரைவரும்

லண்டனில் டாக்சி ஓட்ட லைசென்ஸ் வாங்குவது எளிது அல்ல. நகரின் நடுவில் உள்ள சுமார் 25,000 தெருக்களையும் மனப்பாடம் செய்யவேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

எலினார் மக்வயர் என்ற பெண் விஞ்ஞானி இந்த டிரைவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார். அவர்களுடைய கடல் குதிரையின் பின் பகுதி மற்றவர்களை விடப் பெரிதாக இருந்தது! 2000-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

பஸ் டிரைவர்களையும் பார்த்தார்கள். அவர்களும் அதே நகரத்தில்தான் நாள் முழுவதும் ஓட்டுகிறார்கள். ஆனால் தினமும் போவது ஒரே ரூட். டாக்சி டிரைவர்களிடம் கண்ட வளர்ச்சி அவர்களிடம் காணப்படவில்லை.

பழகிய ஒரே வழியில் போவதற்கு மூளையில் வேறு ஒரு பகுதி போதும். அது பழக்கத்தின் இடம். வேறு யோசனையில் நடந்தாலும், கால் தானாக வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து விடுகிறதே, அது இந்தப் பகுதியின் வேலை. புது வழியை யோசித்துக் கண்டுபிடிக்கும்போதுதான் கடல் குதிரைக்கு முழு வேலை.

பயத்துக்கும் ஒரு இடம் உண்டு. கடல் குதிரையின் முன்னால், பாதாம் பருப்பு அளவில் அது இருக்கிறது. "இங்கே ஆபத்து" என்று அது முத்திரை குத்தும். சின்ன வயதில் நாய் கடித்த சந்தை இன்றைக்கும் நமக்கு மறக்காமல் இருப்பது அதனால்தான்.

மாரண்டஹள்ளியில் ரெயில் ஏறினால் ஓசூர் வழியாகப் பெங்களூரு போய்விடலாம். அங்கே உள்ள தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் சுமந்திர சட்டர்ஜி என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். எலிகளுக்குத் தொடர்ந்து மனக்கஷ்டம் கொடுத்தால், கடல் குதிரையில் உள்ள செல்களின் கிளைகள் சுருங்குகின்றன. பயத்தின் இடத்தில் உள்ள செல்களின் கிளைகளோ வளர்கின்றன.

தினமும் பயத்தில் வாழும் உயிருக்கு ஞாபகம் குறையும், பயம் பெருகும் என்பது இதன் கருத்து.

பாட்டி யானையின் ஞாபகம்

இப்போது யானைக்கு வருவோம்.

யானைக்கும் கடல் குதிரை உண்டு. யானை சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் நடந்து வாழும் பிராணி. ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே தீனி கிடைக்கும், எந்த வழியாகப் போகலாம் என்பது எல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பிழைக்க முடியாது.

யானைக் கூட்டத்துக்குத் தலைவி, வயதான பெண் யானை. வழி தெரிந்தது அவளுக்குத்தான். மற்ற யானைகள் பின்னால் போகின்றன. குட்டிகள் அப்படியே வழியைப் படித்துக் கொள்கின்றன.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில், தரங்கிரி என்ற வனப் பூங்காவில் 1993-ம் ஆண்டில் கொடிய வறட்சி வந்தது. பல குட்டிகள் மடிந்தன. ஆனால் சில கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியே போய்விட்டன. அந்தக் கூட்டங்களில் குட்டிகள் அதிகமாகப் பிழைத்தன.

அந்தக் கூட்டங்களின் தலைவிகள் வயதானவர்கள். அதற்கு முன் 1958-ம் ஆண்டு முதல் 1961-ம் ஆண்டு வரை அங்கே ஒரு பெரிய வறட்சி வந்தது. அப்போது அவர்கள் குட்டிகளாக இருந்து, தப்பிய வழியைப் பார்த்திருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஞாபகம்தான் கூட்டத்தைக் காப்பாற்றி இருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பூங்காவிலேயே தங்கிய கூட்டத்தில் வயதான யானைகள் அதிகம் இல்லை. தந்தத்துக்காக அவற்றை முன்பே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

ஒரு பாட்டி யானை செத்தால் ஒரு யானை மட்டும் குறையவில்லை. வழி தெரிந்தவள் போய்விடுகிறாள்.

மாரண்டஹள்ளிக்கு ஏன் வருகிறது?

நம் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் ராகி விளையும் காலத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு வருகின்றன. இது நேற்று ஆரம்பித்தது அல்ல. தலைமுறை தலைமுறையாக நடப்பது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 2014-ம் ஆண்டில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-ம் ஆண்டில் காவிரி தெற்குச் சரணாலயமும் அமைக்கப்பட்டன.

மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டாரம் இந்தக் காடுகளை ஒட்டிய பக்கம். பஞ்சப்பள்ளியில் சின்னாறு அணை இருக்கிறது. வயலில் ராகி இருக்கிறது. தென்னையும் மாவும் இருக்கின்றன. தண்ணீரும் தீனியும் ஒரு முறை கிடைத்த இடத்தை யானை மறக்காது. மறக்க முடியாதபடிதான் அதன் மூளை அமைந்து இருக்கிறது.

நாம் நடுவே ரோடு போட்டோம். வீடு கட்டினோம். வேலி போட்டோம். ஆனால் யானையின் தலைக்குள் இருக்கும் படம் பழைய படம். அதில் நம் பட்டா எண் கிடையாது. அது தன் ஞாபகத்தில் இருக்கும் வழியில் நடக்கிறது. வழியில் மின்சாரக் கம்பி இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

விவசாயியின் கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. நகையை அடகு வைத்துப் பயிர் வைக்கிறான். ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடுகிறது. மழையிலும் பனியிலும் பரண் மீது கண் விழித்துக் காவல் இருக்கிறான். யானையிடம் சிக்கி உயிர் விட்டவர்களும் இருக்கிறார்கள். பட்டணத்தில் உட்கார்ந்து கொண்டு "யானையை நேசியுங்கள்" என்று அவனுக்கு உபதேசம் செய்வது நியாயம் அல்ல.

ஆனால் வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது மட்டும் கூடாது. அது யானையை மட்டும் கொல்வது அல்ல. காலையில் வயலுக்கு வரும் பக்கத்து நிலத்துக்காரரையும் கொல்லும். ஆடு மேய்க்க வந்த சிறுவனையும் கொல்லும். வீட்டுக்காரியையே கொல்லும்.

சூரிய வெளிச்சத்தில் இயங்கும் வேலி வேறு வகை. அதில் மின்சாரம் விட்டு விட்டு, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாயும். தொட்டால் சுரீர் என்று அடிக்கும். உயிர் போகாது. யானையின் மூளையில் இருக்கும் பயத்தின் இடம் அதை ஞாபகம் வைத்துக் கொள்ளும். காட்டை ஒட்டிய நிலங்களில் இத்தகைய வேலி போட வனத்துறையின் அனுமதி வேண்டும். 2023-ம் ஆண்டில் தமிழக அரசு இதற்குத் தனி விதிகள் கொண்டு வந்தது.

சர்க்காரும் தன் கடமையைச் செய்யவேண்டும். பயிர் அழிந்தால் நஷ்ட ஈடு என்று விதி இருக்கிறது. அது அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வந்தால்தான் உதவி. ஆறு மாதம் அலைய விட்டால் விவசாயிக்குச் சட்டத்தின் மீது நம்பிக்கை போய்விடும். யானை வருவதை முன்கூட்டியே சொல்லவும் ஏற்பாடு வேண்டும். கோவை அருகே மதுக்கரையில் ரெயிலில் யானைகள் அடிபடாமல் இருக்க, 2024-ம் ஆண்டில் கேமராக்கள் வைத்து எச்சரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். ரெயிலுக்குச் செய்ததை வயலுக்கும் செய்யலாம்.

வழி மறந்த தாத்தா

இனி வீட்டுக்கு வருவோம். நாற்பது வருஷம் நடந்த தெருவைத் தாத்தா எப்படி மறந்தார்?

முதுமையில் வரும் மறதி நோய்களில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-ம் ஆண்டில் ஜெர்மன் டாக்டர் அல்சைமர் இதை முதலில் எடுத்துச் சொன்னார். இந்த நோய் மூளையில் முதலில் தாக்கும் இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? புள்ளிக் கோலம் இருக்கிறது என்று சொன்னோமே, அந்த வாசல் பகுதி. அடுத்தபடியாகக் கடல் குதிரை.

கோலம் அழிந்தால் தூரமும் திசையும் குழம்பும். அதனால்தான் பல முதியவர்களுக்குப் பெயர் மறப்பதோடு வழியும் மறக்கிறது. தெரிந்த இடத்திலேயே தொலைந்து போகிறார்கள்.

"பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறார். காலையில் சாப்பிட்டது மட்டும் மறந்துவிடுமா? நடிக்கிறார்!" என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஹென்றியை நினைத்துப் பாருங்கள். பழைய ஞாபகங்கள் மூளையின் மேல் பகுதிகளில் பரவிப் பதிந்துவிட்டன. அவை கொஞ்ச காலம் தங்கும். புதியதைப் பதியும் இடம்தான் கெட்டிருக்கிறது. அது நடிப்பு அல்ல, வியாதி.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிக் கணக்கு கூறுகிறது. நூறு பேரில் ஏழு பேருக்கு மேல்! கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டாரத்தில், பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம், 45 வயது தாண்டிய கிராமத்து மக்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. கிராமத்தில் யாருக்கு இந்த நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று அறிவதற்காக இந்த ஏற்பாடு.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஏசக்கூடாது. மனக்கஷ்டம் கடல் குதிரைக்கு விரோதி என்று பார்த்தோம். பயந்த முதியவர் இன்னும் அதிகமாகக் குழம்புவார்.

இரண்டாவது, டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அல்சைமர் நோயை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் முன்பே கண்டுகொண்டால் நோயாளியும் வீட்டாரும் படும் சிரமம் குறையும்.

மூன்றாவது, சட்டைப் பையில் ஒரு சீட்டு. பெயர், ஊர், போன் நம்பர். பெண்களுக்குச் சேலையில் ஒரு துணிப் பட்டை தைத்து அதில் எழுதலாம். டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், மளிகைக்கடைக்காரர் ஆகியோரிடம் "எங்கள் அப்பாவுக்கு மறதி. தனியாகப் பார்த்தால் உட்கார வைத்துச் சேதி சொல்லுங்கள்" என்று சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதியோர் உதவிக்கு 14567 என்ற நம்பரில் பேசலாம்.

நான்காவது, வீட்டில் சாமான்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். தலைக்குள் மிச்சம் இருக்கும் பழைய படம்தான் அவருக்குத் துணை. அதைக் குழப்பக்கூடாது.

மறதி வராத மற்றவர்களுக்கும் ஒரு சேதி. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிஷம் வேகமாக நடந்தார்கள். ஒரு ஆண்டில் அவர்களுடைய கடல் குதிரை நூற்றுக்கு இரண்டு பங்கு வளர்ந்தது! நடக்காதவர்களுக்குச் சுருங்கியது. 2011-ம் ஆண்டில் இது வெளியாயிற்று. நடப்பதற்குக் காசு வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். அவையும் மூளையைக் கெடுக்கும்.

கோபம் வேண்டாம்

மாரண்டஹள்ளியில் பிழைத்த அந்த இரண்டு குட்டிகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெரிய யானைகளின் பின்னால்தான் அவை நடந்து வந்தன. எங்கே தண்ணீர், எங்கே ஆபத்து என்று இனி அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த யானைகள் இல்லை.

வீட்டில் இருக்கும் தாத்தாவின் நிலையும் அதுவே. நமக்குக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டியவர் அவர். இப்போது அவருக்கு வழி தெரியவில்லை.

யானை வரும் வழியில் சாவைக் கட்டி வைக்காதீர்கள். தாத்தா வரும் வழியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

அவர் திரும்பி வந்ததும் "எங்கே போய்த் தொலைந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "வாங்க தாத்தா, சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள்.